கொத்தனார் டியூபும் இரட்டைக் கார்ப்பரேட்டரும்

சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் போகிற சாலையில் கரிவலம்வந்தநல்லூரைக் கடந்துபோன மோட்டார் சைக்கிள்களை நினைத்துப் பார்த்தால், கண்ணுக்கு வரும் முன் அவை காதுக்கு வந்துவிடுகின்றன. எண்பதுகளில் வண்டிகள் குறைவு. ஆகவே ஒவ்வொன்றின் சத்தமும் தனியாகத் தெரியும். 1955இல் திருவொற்றியூரில் காலூன்றிய என்ஃபீல்டு கம்பெனியின் புல்லட் நிதானமாகத் தட்டிக்கொண்டு போகும். மைசூரில் செய்த எஸ்டி புகையும் கணகணப்புமாக வரும். அதற்கு இரண்டு சைலன்சர் உண்டே தவிர சிலிண்டர் ஒன்றுதான். 1985இல் வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100 தெருமுனை திரும்பும் முன்பே தான் வருவதைச் சொல்லிவிடும். எல்லாமே ஒற்றை சிலிண்டர், ஒற்றைக் கார்ப்பரேட்டர் வண்டிகள். இவற்றைப் பழுது பார்த்த சின்ன ஒர்க்‌ஷாப்புகளில் மீட்டர் என்று எதையும் பார்த்ததாக நினைவில்லை. இன்ஜின் சூடேறியதும் திருப்புளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, தலையைச் சற்றே சாய்த்து, காதைக் கொடுத்து ஏர் ஸ்க்ரூவைத் திருப்புவார்கள். அதைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்குக் கார்ப்பரேட்டர் வேலை என்றால் காது வேலை என்ற நம்பிக்கை ஊறிப்போயிற்று. ஒற்றைக் கார்ப்பரேட்டரில் அந்த நம்பிக்கை முற்றிலும் சரி. இரட்டைக் கார்ப்பரேட்டரில் அது தவறு. அங்கே தேவைப்படும் அளவுகோல், ஊரில் வீடு கட்டுகிற இடமெல்லாம் தண்ணீர் நிரம்பிச் சுருண்டு கிடக்கும் ஒரு டியூப்தான்.

காது ஏன் முதலில் சரியாக இருந்தது என்று பார்த்துவிடலாம். இன்ஜின் இழுக்கும் காற்று கார்ப்பரேட்டரின் குறுகிய தொண்டை வழியே ஓடும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. கீழே கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோல் ஜெட் வழியாக மேலே ஏறித் தூவலாகக் கலக்கிறது. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரியச் சுமார் 15 கிராம் காற்று வேண்டும். சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள பஞ்சபூதத் தலங்களில் கரிவலம்வந்தநல்லூர் பால்வண்ணநாதர் கோயில் நெருப்புக்கும், பக்கத்துத் தென்மலை காற்றுக்கும் உரியவை என்பார்கள். கார்ப்பரேட்டரை இந்த இரண்டு ஊருக்கும் நடுவே நிற்கும் தரகர் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். தரகர் சரியாகப் பேசினாரா என்பது ஒற்றை சிலிண்டர் இன்ஜினில் உடனே தெரிந்துவிடும். ஐடிலிங்கில் ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்றுத் திருப்பினால் ஓட்டம் கூடும் அல்லது தளரும். எங்கே ஓட்டம் உச்சத்துக்குப் போகிறதோ அதுவே சரியான இடம். பிறகு ஐடிலிங் ஸ்க்ரூவைத் தளர்த்தி வேகத்தைக் குறைத்துவிட்டால் வேலை முடிந்தது. இதில் காது கேட்பது ஒரே ஒரு கேள்வி: ஒரு நிமிஷத்துக்கு முன்னால் இருந்ததைவிட இப்போது வேகமா, மந்தமா? அந்தக் கேள்விக்கு மனிதக் காது நன்றாகவே பதில் சொல்லும். அந்த மெக்கானிக்குகளின் காது பொய்யல்ல. கேள்வி எளிதாக இருந்தது, அவ்வளவுதான்.

1983 முதல் ஃபரிதாபாத்தில் எஸ்கார்ட்ஸ் செய்த ராஜ்தூத் ஆர்.டி. 350 அந்தக் கேள்வியை மாற்றிவிட்டது. 347 சி.சி., டூ-ஸ்ட்ரோக், ஆறு கியர். இரண்டு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் ஒரு கார்ப்பரேட்டர், ஒவ்வொன்றுக்கும் பிளக்கின் தீப்பொறிக்கான தனி பாயிண்ட். முதலில் 30.5 குதிரைத்திறனில் வந்தது. பெட்ரோல் குடிக்கிறது என்ற பேச்சு எழுந்த பிறகு 27 குதிரைத்திறனில் இன்னொரு வகையும் வந்தது. எண்பதுகளின் முடிவோடு உற்பத்தி நின்றுபோனது. தென்காசிப் பக்கத்துச் சாலைகளில் அது அபூர்வம்தான். ஆனால் அதன் கெட்ட பெயர் வண்டிக்கு முன்னாலேயே எல்லா ஊருக்கும் போய்ச் சேர்ந்தது: செட்டிங் நிற்காது, ஐடிலிங்கில் குதிக்கும், ஒரு பக்கம் மிஸ்ஸிங் அடிக்கும். அந்தப் பெயரில் பாதியாவது ஒற்றை சிலிண்டருக்குப் பழகிய காதுகள் வாங்கிக் கொடுத்தது என்பது என் கணிப்பு. இரண்டு கார்ப்பரேட்டர் இருக்கும் இடத்தில் ஒவ்வொன்றும் தனியே சரியாக இருந்தால் மட்டும் போதாது. இரண்டும் ஒரே அளவு காற்றை விட வேண்டும். இந்தச் சமத்தைக் காதால் பிடிக்க முடியாததற்குக் காரணம் இன்ஜினின் அமைப்பிலேயே இருக்கிறது.

தம்புராவை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவிலுள்ள இரண்டு தந்திகளையும் ஒரே சுருதியில் வைக்கும்போது, அவை சற்றே விலகியிருந்தால் ஒலியில் ஒரு அலை எழும்பி எழும்பி அடங்கும். விலகல் குறையக் குறைய அலை மெதுவாகி, கடைசியில் கரைந்துவிடும். காது அங்கே மீட்டரைவிட நுட்பமாக வேலை செய்கிறது. தந்திகள் தனித்தனியே அதிரச் சுதந்திரம் பெற்றவை என்பதால்தான் இது நடக்கிறது. இன்ஜினில் இரண்டு பிஸ்டனும் ஒரே கிராங்க்கில் கட்டப்பட்டவை. ஒரு நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகளைப் போல, ஒன்று இழுக்காவிட்டாலும் மற்றது அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்; இரண்டும் ஒரே வேகத்தில்தான் போக முடியும். ஆகவே வேகம் வேறுபடாது, அலையும் எழாது. வண்டியில் ஏதோ சரியில்லை என்பதைக் காது சொல்லும். எந்த மாடு சோம்பல், எவ்வளவு சோம்பல் என்பதை அதனால் சொல்ல முடியாது. தெரியாததைச் சமாளிக்க ஐடிலிங்கை ஏற்றிவிடுவார்கள். உழைக்கிற மாட்டுக்கு இன்னும் இரண்டு சாட்டையடி விழும். சத்தம் சீரானது போலத் தோன்றும். வண்டி வீட்டுக்கு வந்து ஒரு வாரத்தில் பழையபடி குதிக்கும்.

எவ்வளவு சிறிய வேறுபாடு இந்தக் குழப்பத்துக்குப் போதும் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். 28 மி.மீ. வாய் உள்ள கார்ப்பரேட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஐடிலிங்கில் அதன் காற்றுவழியை மூடித் திறக்கும் ஸ்லைடு ஏறக்குறைய 1 மி.மீ. தூக்கியிருக்கிறது, மற்றதன் ஸ்லைடு ஆக்சிலேட்டர் கேபிள் சற்று இழுத்துக்கொண்டதால் 1.5 மி.மீ. தூக்கியிருக்கிறது. அரை மில்லிமீட்டர் என்பது கண்ணுக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஒரு சிலிண்டருக்கு மற்றதைவிடப் பாதிக்கு மேல் அதிகமாகக் காற்று போகிறது. முழு ஆக்சிலேட்டரில் இதே அரை மில்லிமீட்டர் 28இல் கரைந்துபோகும். இரட்டைக் கார்ப்பரேட்டர் வண்டி ராஜபாளையம் சாலையில் பறக்கும்போது குறை சொல்லாமல், சங்கரன்கோவில் கடைத்தெருவில் ஊரும்போது மட்டும் அழுவது இதனால்தான். அழுவதோடு நிற்பதுமில்லை. ஒரு சிலிண்டர் சூடேற, மற்றது தண்டமாகச் சுற்ற, அதிர்வு கைப்பிடிக்கு ஏறும். இரண்டு பிளக்கையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நிறம் ஒத்துப்போகாது. இங்கே ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். சமன் என்பது காற்றின் அளவு பற்றியது; கலவை என்பது காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதம் பற்றியது. சமன் கெட்டதை ஏர் ஸ்க்ரூவைத் திருப்பி மறைக்கப் போனால் கலவையும் கெட்டு, எது காரணம் எது விளைவு என்று தெரியாத சிக்கலில் போய் நிற்கும். வரிசையும் முக்கியம்: முதலில் பாயிண்ட், டைமிங், வால்வு உள்ள வண்டியில் வால்வு இடைவெளி; கடைசியில்தான் கார்ப்பரேட்டர்.

ஸ்லைடு வகைக் கார்ப்பரேட்டரில் பாதி வேலையை இன்ஜினை ஓட்டாமலே முடித்துவிடலாம். ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, ஒரே அளவுள்ள இரண்டு டிரில் பிட்டுகளின் காம்புப் பக்கத்தை, வால் வெளியே நீட்டியிருக்கும்படி, இரண்டு ஸ்லைடுக்கும் அடியில் நுழைக்க வேண்டும். இரண்டையும் ஸ்லைடு ஒரே இறுக்கத்தில் கவ்வும்வரை ஐடிலிங் ஸ்க்ரூக்களைத் திருத்த வேண்டும். பிறகு ஆக்சிலேட்டரை மயிரிழை மயிரிழையாகத் திருகினால் இரண்டு பிட்டும் ஒரே நொடியில் தளர வேண்டும்; ஒன்று முந்தினால் அதன் கேபிளில் தளர்வு குறைவு என்று அர்த்தம். இங்கேயும் அளவு தெரிய வேண்டியதில்லை, ஒப்பீடு மட்டும் போதும் என்பதைக் கவனியுங்கள். ஆர்.டி.யில் ஒரு சூட்சுமம் உண்டு. ஆக்சிலேட்டர் கேபிள் பாதி வழியில் மூன்றாகப் பிரிகிறது. இரண்டு கார்ப்பரேட்டருக்கு, மூன்றாவது ஆயில் பம்புக்கு. முதல் இரண்டைத் திருத்திவிட்டு மூன்றாவதை மறந்தால் பிஸ்டனுக்கு ஆயில் குறைந்து, சீஸ் ஆகி, நல்ல வேலை நாசமாகிவிடும். வீட்டில் செய்கிறவர்கள் கெடுத்துவிடுவார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு உண்மையான ஆதாரம் இந்த ஒரு கேபிள்தான். அதை ஒப்புக்கொண்டே மேலே போகிறேன்.

மீதிப் பாதிக்கு இன்ஜின் ஓட வேண்டும். ஃபோர்-ஸ்ட்ரோக் இரட்டை சிலிண்டர் வண்டிகளில் கார்ப்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே உறிஞ்சலை அளக்கச் சின்ன வாய்கள் இருக்கும், ரப்பர் மூடி போட்டிருக்கும். 2009இல் இந்தியாவுக்கு வந்த கவாசாகி நிஞ்ஜா 250ஆர் போன்றவற்றில் இரண்டு கார்ப்பரேட்டருக்கும் நடுவில் சமன் செய்யவென்றே ஒரு ஸ்க்ரூவும் உண்டு. இந்த இரண்டு வாய்களையும் உள்ளே இருப்பது தெரியும் ஒரு நீளமான டியூபால் இணைத்து, நடுவில் தொங்கும் வளைவில் டூ-ஸ்ட்ரோக் ஆயில் நிரப்பினால் அளவுகோல் தயார். இது கொத்தனார்கள் அஸ்திவாரத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு மட்டம் பார்க்கும் அதே டியூப். அவர்களுக்குத் தரை கடல் மட்டத்திலிருந்து எத்தனை அடி என்று தெரிய வேண்டியதில்லை. இந்த மூலையும் அந்த மூலையும் ஒன்றா என்று தெரிந்தால் போதும். தண்ணீர் அதைத் தவறில்லாமல் சொல்கிறது. அவர்களிடம் ரசமட்டமும் உண்டு, ஆனால் நீண்ட தூரத்துக்கு அதை நம்ப மாட்டார்கள். பெயரில் ரசம் இருந்தாலும் ரசமட்டத்தின் உள்ளே பாதரசம் கிடையாது. ஒரு திரவமும் ஒரு குமிழியும்தான். உண்மையான பாதரசம் இருந்தது பெரிய ஒர்க்‌ஷாப்புகளின் கார்ப்பரேட்டர் மீட்டரில். அந்தக் கண்ணாடிக் கம்பங்களில் பாதரசம் உறிஞ்சலுக்கேற்ப ஏறும். இரண்டு கம்பத்துக்கும் 2 செ.மீ.க்குள் வித்தியாசம் இருந்தால் போதும் என்று பல கம்பெனிக் கையேடுகள் விட்டுவிடும். பாதரசம் தண்ணீரைப்போல 13.6 மடங்கு கனம். ஆயிலோ தண்ணீரைவிடச் சற்று லேசு. ஆகவே மீட்டரில் 2 செ.மீ.யாகத் தெரியும் வித்தியாசம், ஆயில் டியூபில் ஏறக்குறைய 30 செ.மீ.யாக, ஒரு அடியாக விரிந்து தெரியும். நூறு ரூபாய் டியூப், விலையுயர்ந்த மீட்டரைவிடப் பதினைந்து மடங்கு கூர்மையாகப் பார்க்கிறது.

இந்தக் கூர்மைக்கு ஒரு விலை உண்டு. டியூப் வித்தியாசத்தைத்தான் காட்டும், மொத்த உறிஞ்சலைத் தாங்காது. ஐடிலிங்கில் உறிஞ்சல் 20 செ.மீ. பாதரசம் என்று வைத்தால் அதற்கு ஈடாக 3 மீட்டருக்கு மேல் ஆயில் நிற்க வேண்டும். இரண்டு முனையும் இணைந்திருக்கும்வரை ஒன்றின் இழுப்பை மற்றது தாங்கிக்கொள்ளும். ஒரு முனை கழன்றுவிட்டால் மறுமுனையின் சிலிண்டர் டியூபில் உள்ள ஆயில் முழுவதையும் ஒரே மடக்கில் குடித்துவிடும். தண்ணீருக்குப் பதில் ஆயிலை விடச் சொல்வதே இதற்காக. குடித்தாலும் புகைந்துவிட்டுப் போகும். பாதரசத்தை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது, அது விஷம். காற்று துடித்துத் துடித்து வருவதால் ஆயில் குதிக்கும். மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் சின்ன வால்வை இருபுறமும் மாட்டி ஒரே அளவு நெரித்தால் அடங்கும். வாசிப்பதில்தான் பலர் தலைகீழாகத் தவறுகிறார்கள். ஆயில் எந்தப் பக்கம் ஏறுகிறதோ அந்தப் பக்கம் பலமானது என்று தோன்றும். உண்மையில் அந்தப் பக்கம்தான் அதிகம் மூடியிருக்கிறது. வாயை அடைத்த குழாயில் உறிஞ்சல் கூடுவது போல. அந்தப் பக்கத்தைச் சற்றே திறந்தால் ஆயில் இறங்கி வரும். நின்ற இடத்தில் ஓடும் இன்ஜின் சீக்கிரம் கொதிக்கும் என்பதால் விடியற்காலையில், வாசலில், முன்னால் ஒரு டேபிள் ஃபேனை வைத்துச் செய்ய வேண்டும். மூடிய அறையில் செய்தால் சைலன்சர் புகை ஆளைக் கொன்றுவிடும்.

இதற்கெல்லாம் மறுப்புகள் உண்டு. இரண்டு கடிகார மீட்டர் இன்று மலிவாகக் கிடைக்கும்போது டியூப் எதற்கு என்பார்கள். இரண்டு மீட்டரையும் ஒரே வாயில் மாறி மாறி மாட்டிப் பாருங்கள். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டினால் அதிர்ஷ்டம். சமன் பார்ப்பதற்கு இரண்டு கருவிகளைக் கொண்டுவந்தால், முதலில் அந்தக் கருவிகளைச் சமன் செய்ய வேண்டியிருக்கிறது. டியூபில் இருப்பது ஒரே ஆயில். அது தனக்குத்தானே முரண்பட முடியாது. பழுத்த மெக்கானிக்குகள் இரண்டு சைலன்சர் முனையிலும் இரண்டு உள்ளங்கையை வைத்தே சொல்லிவிடுவார்களே என்று இன்னொரு மறுப்பு. உண்மைதான், சொல்லிவிடுவார்கள். ஆனால் அவர்கள் அங்கே காதை விட்டுவிட்டு இரண்டு கையால் ஒப்பிடுகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அது என் கட்சிக்குத்தான் சாட்சி. மூன்றாவது மறுப்பு கனமானது: தெரியாதவன் கை வைக்கலாமா? சமன் செய்வது, திரும்பி வரக்கூடிய வேலை. தொடும் முன் ஸ்க்ரூவின் நிலையைச் சாக்பீஸால் குறித்து, எத்தனை கால் சுற்று என்று எண்ணிக்கொண்டால் எப்போது வேண்டுமானாலும் பழைய இடத்துக்கே வந்துவிடலாம். ஒர்க்‌ஷாப்பில் ஒரு வண்டிக்குக் கிடைப்பது அரை மணி நேரம். சரியான சமனுக்கோ, திருத்தி, ஒரு வாரம் ஓட்டி, மறுபடி பார்த்து, மயிரிழை திருத்தும் பொறுமை வேண்டும். அந்த ஒரு வாரம் வண்டிக்காரரிடம்தான் இருக்கிறது.

கடைசி மறுப்பு, கார்ப்பரேட்டரே செத்துப்போயிற்று என்பது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 வந்ததும் புதிய மோட்டார் சைக்கிள்கள் ஏறக்குறைய எல்லாமே பெட்ரோலை இன்ஜெக்டரில் தெளிக்கும் முறைக்கு மாறிவிட்டன. ராயல் என்ஃபீல்டு 2018இல் சென்னைப் பக்கத்தில் செய்யத் தொடங்கிய 650 இரட்டை சிலிண்டர் வண்டிகள் முதலிலிருந்தே அப்படித்தான். காற்றைக் காக்க அது தேவையான மாற்றம். கார்ப்பரேட்டர் திரும்பி வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி த்ராட்டில் வைத்த இன்ஜெக்டர் வண்டிகள் பலவற்றில் இரண்டு பக்கக் காற்றைச் சமன் செய்யும் வேலை அப்படியே இருக்கிறது. டியூப் அங்கேயும் பொய் சொல்லாது. பழைய வண்டிகளைப் பொறுத்தவரை கவலை வேறு. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த ஏட்டுச் சுவடிகளைத் தேடி வந்தபோது, பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டார்கள் என்ற பதிலைக் கேட்டதாக உ.வே.சாமிநாதையர் ‘என் சரித்திர’த்தில் எழுதியிருக்கிறார். அங்கே எரிவதற்காவது ஏடு இருந்தது. ஒர்க்‌ஷாப் கைகளில் இருந்த அறிவு ஏட்டிலும் ஏறவில்லை, நோட்டிலும் ஏறவில்லை. எந்த ஸ்க்ரூவை எத்தனை சுற்று என்பது ஆளோடு போய்விட்டது. இரட்டைக் கார்ப்பரேட்டர் வண்டி வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். சமன் செய்து முடித்ததும் தேதி, சுற்று எண்ணிக்கை, கேபிளின் தளர்வு ஆகியவற்றை சைடு கவரின் உள்பக்கத்தில் தமிழில் எழுதி வையுங்கள். அடுத்து அதைத் திறப்பவருக்கு உதவும். டியூபை மாட்டும் முன்னால், கொத்தனார்கள் செய்வது போல, ஆயிலில் எங்காவது குமிழி நிற்கிறதா என்று ஒருமுறை தட்டிப் பார்த்துவிடுங்கள்.